பதினைந்து விநாடி

கண்ணாடிக் குவளையை மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்றி விளக்குப் பலகைமேல் வைத்தார் அந்தப் பெண். உள்ளே 10 மில்லி தண்ணீர். அதில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐந்து டாப்னியா, அதாவது நீர்த்தெள்ளுக் குஞ்சுகள்.

"பதினைஞ்சு விநாடி அண்ணே. அதுக்குள்ள நீந்திடணும். இல்லன்னா நின்னுபோன கணக்குல எழுதிடுவேன்."

மூன்று நீந்தின. ஒன்று அடியில் கிடந்தது. ஐந்தாவதைக் காட்டி, "இதுக்கு உயிர் இருக்கு. உருப்பெருக்கியில பாத்தா இதயம் துடிக்கிறதுகூடத் தெரியும். ஆனா நீந்தல. அதனால இதுவும் கணக்குதான்" என்றார். தாளில் 2 என்று எழுதிவிட்டு அடுத்த குவளையை எடுத்தார்.

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் தனியார் சோதனைக்கூடம் அது. பெயரை எழுதக்கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த இந்தப் பெண்ணும், அவரை அக்கா என்று கூப்பிடும் உதவியாளரும்தான் அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறார்கள். புதிதாகச் சந்தைக்கு வரும் துப்புரவுத் திரவமோ பூச்சிமருந்தோ நீரில் கலந்தால் எந்த அளவில் உயிர்களைச் சாய்க்கும் என்று கண்டுபிடிப்பது இவர்கள் வேலை.

உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு) நெறிமுறைகளில் 202ஆம் எண் சோதனை இது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள் வேண்டும். வேதிப்பொருளை ஐந்து அடர்த்திகளில் கலக்கி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள் விட வேண்டும். வேதிப்பொருளே கலக்காத ஒப்பீட்டுத் தண்ணீரில் இன்னொரு 20. தீனி கிடையாது. 24 மணி நேரத்தில் ஒரு பார்வை, 48 மணி நேரத்தில் ஒரு பார்வை. பாதிக் குஞ்சுகளின் நீச்சலை நிறுத்தும் அடர்த்தி எது என்று அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒப்பீட்டுக் குவளைகளிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் நின்றுபோனால் அத்தனையும் குப்பை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுதிப் பார்த்தால் எளிய வேலைதான். கைக்குத்தான் அது கடினம். குழலில் உறிஞ்சிய குஞ்சைத் தண்ணீருக்கு மேலிருந்து விட்டால் ஓட்டுக்குள் காற்று புகுந்து மேலேயே மிதக்கும். அது நஞ்சால் நின்றதா, காற்றால் நின்றதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. குழலின் வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒவ்வொன்றாக விட வேண்டும். ஒரு முழுச் சோதனைக்கு இப்படி 120 முறை. உதவியாளர் ஒரு தடவை அவசரப்பட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குவளையை ஒதுக்கிவைத்துப் புதிதாக ஒன்றை நிரப்பினார்.

தாய் டாப்னியாக்களின் தொட்டியைத்தான் அவர் அதிகம் கவனிக்கிறார். நல்ல நிலையில் இருக்கும்வரை பெண் டாப்னியாக்கள் ஆண் துணையில்லாமலே பெண் குஞ்சுகளை ஈனும். நெரிசல், பசி என்று ஏதாவது நெருக்கடி வந்தால் ஆண்கள் பிறக்கும். தாயின் முதுகில் கறுத்த முட்டைக்கூடு தெரியும். "கறுப்பு தெரிஞ்சா அந்தத் தொட்டிக் குஞ்ச எடுக்கவே மாட்டேன்." டாப்னியாக்களுக்குக் குழாய்த் தண்ணீரும் ஆகாது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை நாம் அப்படியே குடிக்கலாம்; கிருமிகளுக்காகச் சேர்க்கும் குளோரமின் இந்த உயிர்களைக் கொன்றுவிடும். வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்கும் இது தெரியும்.

அறை 20 பாகையில் குளிர்ந்து கிடந்தது. வெளியே கால்வாய்த் தண்ணீர் 30 பாகையை ஒட்டியிருக்கும். டாப்னியா மேக்னா குளிர்நாட்டு உயிர். சிங்கப்பூர் நீர்நிலைகளுக்கு உரியது அல்ல. எல்லா நாடுகளும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தினால்தான் முடிவுகளை ஒப்பிட முடியும் என்பது நியாயமே. ஆனாலும் மீன் கடைகளில் தீனியாக விற்கும் மொய்னா போன்ற வெப்பநாட்டு உயிர்களிலும் கூடவே சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே மீன்களிலும் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு 96 மணி நேரம். அதனால் திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிக்கிறார்கள். டாப்னியா சோதனையை வெள்ளிக்கிழமை தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை வந்தே ஆக வேண்டும். தீபாவளி என்றாலும் விலக்கில்லை.

இந்த நகரத்தின் குடிநீருக்கே மீன்கள் சாட்சி சொல்லியிருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் தயாரிக்கும் முன்னோடி ஆலை 2000இல் பிடோக்கில் இயங்கத் தொடங்கியபோது, சுண்டெலிகளிலும் மீன்களிலும் நீண்டகாலச் சோதனை நடந்தது. நியூவாட்டரில் இருக்கக்கூடிய பொருள்களை 150 மடங்கும் 500 மடங்கும் செறிவாக்கிச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். மீன்களோ அந்தத் தண்ணீரிலேயே வாழ்ந்தன. செம்மஞ்சள் நிற ஜப்பானிய மெடக்கா மீன்கள் அவை. தொட்டி அமைப்பில் குறை இருந்ததால் மீன் ஆய்வை மறுபடி செய்தார்கள். நியூவாட்டர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு அந்த மறுசோதனையே முதல் காரணம். 2002 தேசிய தினத்தன்று ஆயிரக்கணக்கானோர் அந்தத் தண்ணீர்ப் போத்தலை உயர்த்திக் குடித்தார்கள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1999இல் கோங் ஜியுவான் குழு ஜெல்லிமீனின் ஒளிரும் மரபணுவை வரிக்குதிரை மீனில் சேர்த்ததும் இந்த நோக்கத்தில்தான்: நீரில் மாசு இருந்தால் மீனே ஒளிர்ந்து காட்ட வேண்டும். அந்த ஆய்வில் பிறந்த ஒளிரும் மீன், பிறகு அமெரிக்காவில் அலங்கார மீனாக விற்பனைக்குப் போனது.

சோதனைக்கூடத்திலிருந்து நேரே தேக்கா கடைப்பகுதிக்கு வந்தேன். ஒரு கடையில் பிளீச் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். செத்த மரமும் செத்த மீனும் வரைந்த சிறிய முத்திரை. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமோ அதற்கும் குறைவோ இருந்தாலே நீர்வாழ் உயிர்களில் பாதியைச் சாய்க்கும் பொருளுக்கு இடும் முத்திரை அது. அந்தப் பெண் தாளில் எழுதிய 2 போன்ற எண்கள் சேர்ந்துதான் இந்த முத்திரை ஆகின்றன.

தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய் ஒரு காலத்தில் மூக்கைப் பொத்த வைத்தது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டு பாடுபட்டு சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் சுத்தம் செய்தார்கள். 2008இல் மரினா அணை திறந்தபின், சிராங்கூன் சாலையில் விழும் மழை ரோச்சோர் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கே வருகிறது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் அந்த ஒரு நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. இங்கே மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. கடை வாசலில் இருப்பது சாக்கடை அல்ல.

ஆகவே தேக்கா கடைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தரை துடைத்த பிளீச் தண்ணீரையும் மிச்சப் பூச்சிமருந்தையும் வாசல் வடிகாலில் கவிழ்க்காதீர்கள். வாளித் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். அது சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். பூச்சிமருந்தை எங்கேயும் ஊற்றாமல், போத்தலில் எழுதியிருக்கும் முறைப்படி அப்புறப்படுத்துங்கள்.