பொருள்வயிற் பிரிவு

பொருள் தேடிப் பிரிந்து செல்லும் தலைவனைச் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலைத்திணையைச் சார்ந்தவை. இல்லத்திலேயே இருந்தால் பொருள் சேராது. பொருள் தேடிச் சென்றால் இல்லத்தில் இருத்தல் இயலாது. இந்த இழுபறி ஏட்டோடு நின்றுவிடவில்லை. இன்றும் அதனைக் கண்ணால் காண விழைவோர் நாமக்கல்லுக்குச் செல்லலாம்.

நாமக்கல் லாரிகளின் ஊர். பொறியும் சக்கரங்களும் மட்டுமாய் வந்து சேரும் வண்டிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள் அங்கே மிகுதி. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவ்வூர் வழியே செல்கின்றது. முட்டை ஏற்றிக்கொண்டு கேரளம் சென்று இரண்டொரு நாளில் மீளும் வண்டிகளும் அங்கு உண்டு. வடநாடு சென்று பல நாள் கழித்துத் திரும்பும் வண்டிகளும் உண்டு. புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞன் இவ்விரண்டில் எதில் ஏறுவது?

சட்டப்படி 20 வயது நிரம்பியவனே சரக்கு வண்டி ஓட்டலாம். ஆயினும், உரிமம் கைக்கு வந்த அன்றே வண்டியை நம்பிக் கொடுக்கும் உரிமையாளர் அரியர். மூத்த ஓட்டுநர் ஒருவருடன் இரண்டாம் ஆளாகச் சில காலம் செல்ல வேண்டும். கூலியோ பலருக்கு நடைக்கணக்கு. புறப்பட்டுத் திரும்பி வருவது ஒரு நடை. மாதச் சம்பளக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஊதியம் தரும். நடைக்கூலிக்காரன் வீட்டில் இருக்கும் நாளுக்கு ஊதியம் இல்லை. ஆகவே, அவன் தன் குழந்தையுடன் கழிக்கும் ஒவ்வொரு பகலையும் காசு கொடுத்தே வாங்குகின்றான் எனலாம்.

நீண்ட நடைக்கு 18,000 ரூபாயும், குறுநடைக்கு 1,500 ரூபாயும் கூலி என்று கொள்வோம். இளைஞன் கண்ணுக்கு முன்னது மலையாகவும் பின்னது மடுவாகவும் தோன்றும். நாட்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் அன்றோ? நீண்ட நடை 15 நாளில் முடியும் என்பது அவன் எண்ணம். சரக்கை இறக்கிய பின் தெற்கே வருவதற்குச் சுமை கிடைக்க வேண்டுமே! வெற்று வண்டியுடன் திரும்பினால் எரியெண்ணெய்ச் செலவுக்கே கட்டாது. தரகர் வாயிலில் 5 நாள் காத்துக் கிடக்கின்றான். நடை 20 நாளாகிறது. வழியில் உணவுக்கும் குளியலுக்கும் நாளொன்றுக்கு 300 ரூபாய் போனால், எஞ்சுவது 12,000. பின்பு 4 நாள் வீட்டில் இளைப்பாறுகிறான். ஆக 24 நாட்கள்.

அதே 24 நாட்களில், இரண்டு நாள் ஓட்டமும் ஒரு நாள் ஓய்வுமாக 8 குறுநடைகள் செல்லலாம். பாதி உணவு வீட்டிலிருந்தே கட்டிச் செல்வதால் ஒரு நடைக்குச் செலவு 300 ரூபாய்தான். மொத்தத்தில் எஞ்சுவது 9,600. வேறுபாடு 2,400 ரூபாய். வீட்டில் கூடுதலாகக் கிடைப்பவை 4 நாட்கள்.

வட்டிக்குக் கடன் வாங்கியவனுக்கு அந்த 2,400 பெரிது. கைக்குழந்தை உள்ளவனுக்கு அந்த 4 நாட்கள் பெரிது. இதில் ஒருவனைப் பேராசைக்காரன் என்றோ மற்றவனைச் சோம்பேறி என்றோ அயலார் பேசுவது முறையன்று. ஆனால், தரகர் வாயிலில் கழிந்த அந்த 5 நாட்கள் யாருக்கு உதவின? அவை கூலியும் தரவில்லை; வீட்டையும் தரவில்லை. வடக்கே செல்லும் நடையை ஏற்குமுன், திரும்பும் சுமை உறுதியா என்று கேட்கத் தெரிந்தவனே தொழில் தெரிந்தவன். புதியவன் இதனைக் கேட்கக் கூசுகிறான்.

1961-இல் இயற்றப்பெற்ற மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்திற்கு 48 மணி நேரமும் வேலை என்று வகுத்தது. ஐவருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்கள் பொதுவாக அதன் எல்லைக்குள் வரவில்லை. ஒன்றிரண்டு வண்டிகளே உடைய உரிமையாளரிடம் வேலை செய்தவர்க்கு அச்சட்டம் எட்டாக்கனியே.

இழந்த நாட்களைச் சாலையில் மீட்டுவிடலாம் என்ற எண்ணம் பிறக்கும் இடம் ஒன்று உண்டு. வடக்கிலிருந்து தருமபுரியைக் கடந்து வரும் வண்டி, சேலத்தை அடையுமுன் தொப்பூர்க் கணவாயில் இறங்க வேண்டும். வீட்டிற்கு இன்னும் சில மணி நேர வழியே எஞ்சியிருக்கும். பொறியின் பிடியிலிருந்து சக்கரங்களை விடுவித்துவிட்டால் வண்டி தானே ஓடும். எண்ணெயும் மிச்சமாகும், நேரமும் மிச்சமாகும் என்று புதியவன் கை பரபரக்கும். பாரம் ஏற்றிய வண்டியைத் தடைக்கட்டையால் மட்டுமே நிறுத்தி நிறுத்தி இறக்கினால், கட்டை சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். அப்பொழுது மிதித்தும் பயன் இல்லை. அங்கே நேர்ந்த விபத்துகள் பல.

மூத்த ஓட்டுநர் சரிவு தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுகிறார். பொறி முனகுகின்றது, பின்னால் வரும் வண்டிகள் ஒலியெழுப்புகின்றன. அவர் ஓரமாக, ஆள் ஓடும் வேகத்தில், வளைவு வளைவாக இறங்குகிறார். பக்கத்து இருக்கையில், மகளுக்கு வாங்கிய வளையல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இளைஞன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கின்றான்.