பேர் வெட்டின செம்பு

அம்மாயியின் பித்தளைச் செம்பில், கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவர் பேர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து இரண்டு எழுத்து மழுங்கிப்போச்சு. விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படும்.

பழைய ஜெர்மன் இராணுவத் தலைக்கவசங்களின் உள்தோலில் சிப்பாய்கள் தங்கள் பேரை மையால் எழுதி வைப்பார்கள், அதை வைத்தே சொந்தக்காரரைத் தேடுகிறார்கள் என்று படித்தபோது அந்தச் செம்புதான் ஞாபகம் வந்தது. அப்புறம், நம்ம கண்டிப் பீரங்கி.

1765இல் டச்சுப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது போனது அது. வெண்கலக் குழல், பொன், வெள்ளி, மாணிக்க வேலைப்பாடு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் கிடந்தது. யாருடையது என்பதை அதன் உடம்பே சொன்னது: சூரியன், பிறை, சிங்கம் என்ற கண்டிச் சின்னங்கள், லெவ்கே திசாவை என்ற கண்டிப் பிரபு அரசருக்குக் கொடுத்தது என்று சொல்லும் சிங்கள எழுத்து. கொடுத்தது 1740களில், மதுரைத் தொடர்புள்ள நாயக்கர் வழி கண்டி அரியணை ஏறிய காலம். அதன் வரலாற்றைத் தேட இலங்கை, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து உழைத்தார்கள். 2023 டிசம்பரில் வாள்கள், கத்தி, துப்பாக்கிகளோடு பீரங்கியும் சேர்த்து மொத்தம் ஆறு பொருட்கள் கொழும்புக்கு வந்தன. செய்தி பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

கண்டி வாவிக்கரையில் நடக்கும்போது, பீரங்கியை எந்தப் பக்கமாகத் தூக்கிப் போயிருப்பார்கள் என்று மனசு தேடும். அப்போது வாவியே இல்லை, வயல்தான்.

உங்கள் வீட்டிலும் பேர் வெட்டின பாத்திரம் இருந்தால், பழைய சாமான்காரருக்குப் போடுமுன் அந்த எழுத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள்.