ஒரே நிரல், மூன்று கம்பைலர்

‘கம்பைலருக்கு -டபிள்யூஆல் கொடியைப் போட்டுவிடுங்கள், எல்லா எச்சரிக்கையும் வந்துவிடும்’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்துவிடலாம் என்று நண்பரின் சிறிய மென்பொருள் அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. வாசலருகே லினக்ஸ், பத்தடி தள்ளி விண்டோஸ், ஜன்னலோரம் மேக். ஜிசிசி, கிளாங் கம்பைலர்களுக்குக் காசு கிடையாது. விஷுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பும் இப்படிச் சிறு குழுக்களுக்கு இலவசம்தான்.

வேண்டுமென்றே மூன்று குறைகள் வைத்து ஒரு சி நிரல் எழுதினோம். எங்கும் பயன்படாத ஒரு மாறி. குறியுள்ள எண்ணைக் குறியில்லாத எண்ணோடு ஒப்பிடும் ஒரு வரி. இன்ட் மதிப்பை ஷார்ட்டில் திணிக்கும் ஒரு வரி.

லினக்ஸில் ஜிசிசி, -டபிள்யூஆல். முதல் குறை மட்டும் வந்தது. -டபிள்யூஎக்ஸ்ட்ரா சேர்த்ததும் இரண்டாவது வந்தது. மூன்றாவதற்குச் சத்தமே இல்லை. அதற்கு -டபிள்யூகன்வர்ஷன் தனியாக வேண்டும். எக்ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, அதே கோப்பை சி++ ஆகப் பெயர் மாற்றி ஓட்டினோம். இப்போது வெறும் -டபிள்யூஆலுக்கே இரண்டாவது குறை வந்துவிட்டது! ஜிசிசி அந்தச் சோதனையை சி++க்கு ஆலிலும், சிக்கு எக்ஸ்ட்ராவிலும் வைத்திருக்கிறது. ஜன்னலோரம் போய் மேக்கின் கிளாங்கில் அதே சி++ கோப்பு, அதே -டபிள்யூஆல்: வரவில்லை. கிளாங்கில் இரண்டு மொழிக்குமே அது எக்ஸ்ட்ராவில்தான்.

கீழே 12 ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு விண்டோஸுக்கு வந்தோம். விஷுவல் ஸ்டூடியோவின் கம்பைலரான எம்எஸ்விசியில் /டபிள்யூ3 வைத்ததும் முதல் இரண்டும் சி4101, சி4018 என்று எண்ணோடு வந்தன. /டபிள்யூ4இல் மூன்றாவதும், சி4244. அங்கேயும் /டபிள்யூஆல் உண்டு. அதைக் கொடுத்தபோது மைக்ரோசாப்டின் சொந்தத் தலைப்புக் கோப்புகளுக்குள்ளிருந்தே எச்சரிக்கைகள் திரையை நிரப்பின. எங்கள் மூன்று வரிகளை அதற்குள் தேட வேண்டியிருந்தது.

கம்பைலர்களுக்குக் கொடிகளை அனுப்ப நண்பர் எழுதிய சிமேக் கோப்பைத் திறந்தோம். கம்பைலரின் அடையாளம் எம்எஸ்விசி என்றால் /டபிள்யூ4, இல்லையென்றால் -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. விண்டோஸில் கிளாங்கின் இன்னொரு வடிவமான கிளாங்-சிஎல் வைத்து சி++ கோப்பை ஓட்டிப் பார்த்தோம். அடையாளம் கிளாங் என்பதால் இரண்டாவது கிளைக்குப் போனது. கிளாங்-சிஎல்லோ எம்எஸ்விசி மாதிரியே நடக்கப் பார்ப்பது. -டபிள்யூஆல் என்றால் உள்ள எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கிவிடும். சி++98க்கு ஒத்துவராது என்ற புலம்பல் வரிசையாக ஓடியது. கம்பைலரின் முன்முகம் எம்எஸ்விசி வகையா என்று கேட்க உதவும் மாறி சிமேக்கில் 3.14 முதல் இருக்கிறது. கேட்க வேண்டியது அதைத்தான்.

எச்சரிக்கையைப் பிழையாக்க சிமேக் 3.24இல் பொதுவான ஒரு மாறி வந்தது. அதைக் கோப்பிலேயே எழுதிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். புதிய கம்பைலர் புதிய எச்சரிக்கையோடு வரும். எங்கோ ஒருவர் நம் நிரலைக் கட்டமுடியாமல் நிற்பார். நம் சோதனைக் கணினியில் மட்டும் இயக்கினால் போதும்.

கடைசியாக, சிமேக் போன்ற இன்னொரு கருவியான மேசான். எச்சரிக்கை அளவு 3 என்று ஒரே வரி. லினக்ஸில் ஆல், எக்ஸ்ட்ரா, பெடான்டிக் மூன்றும் போயின. விண்டோஸில் /டபிள்யூ4 போனது. ஆனாலும் ஜிசிசியில் ஷார்ட் வரி தப்பியது. கம்பைலர் ஏற்கும் கொடிகளை மட்டும் பொறுக்கித் தரும் செயற்கூறு மேசானில் உண்டு. அதன் வழியாக -டபிள்யூகன்வர்ஷனைச் சேர்த்தோம். எம்எஸ்விசி அதை அறியாததால் அங்கே போகவில்லை. லினக்ஸில் மூன்றாவது எச்சரிக்கையும் வந்தது.