பேச்சில் கலந்த செபம்

கிறித்தவன் தன் விசுவாசத்தை அன்றாடப் பேச்சில் எப்படி வெளிப்படுத்துவது என்ற கேள்வி நண்பர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. தமிழ் கற்பிக்கும் எனக்கு இதில் இறையியலைவிட மொழியே முதன்மையாகப் படுகிறது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பழைய தலைமுறைக் கத்தோலிக்கர்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திராது. பவுலைச் சின்னப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் பேதுருவை இராயப்பர் என்றும் அழைத்த மரபு அவர்களுடையது. அப்பெயர்களைச் சுமந்தவர்கள் வாய் திறக்குமுன்பே தம் சமயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். அனுமந்தன்பட்டியில் தூய ஆவியார் ஆலயம் இருக்கிறது. ஊரின் பெயரும் ஆலயத்தின் பெயரும் ஒன்றையொன்று உறுத்துவதாக அங்கு யாரும் நினைப்பதில்லை. கோயில், தேர், வேண்டுதல், பூசை என எல்லாம் ஊருக்குப் பொதுவான சொற்கள். "பூசை முடிஞ்சிருச்சா?" என்று பக்கத்து வீட்டு இந்துப் பெண்மணி இயல்பாகக் கேட்பார். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி போர்த்துகீசியச் சொற்களை விலக்கி, மக்கள் வழக்கிலிருந்த 'கோயில்', 'பூசை' போன்ற சொற்களைக் கைக்கொண்டதன் பயனை அந்த ஒரு கேள்வியில் காணலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிந்தைய வழிபாட்டுத் தமிழ் திருப்பலி, திருமுழுக்கு என்று செம்மையுற்றது. தமிழாசிரியன் என்ற முறையில் அச்சொற்கள் எனக்கு உவப்பானவை. ஆயினும் தேநீர்க் கடை பெஞ்சில் 'திருப்பலி' என்றால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் தயங்குகிறார். 'பிரைஸ் த லார்ட்' என்று வாழ்த்திக்கொள்ளும் சபையினருக்கும் இதே நிலைதான். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த வாழ்த்து கதகதப்பு. வெளியே நிற்பவருக்கு அது சாத்திய கதவு.

சொற்களுக்கு வேறொரு சுமையும் வந்து சேர்ந்தது. 2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது நான் முதுகலை மாணவன். பலவந்தம், ஆசைகாட்டல், ஏமாற்று ஆகியவற்றையே அது தடுத்தது; பிறருக்காகச் செபிப்பதை அன்று. எனினும் 'உங்களுக்காகச் செபிக்கிறேன்' என்பதைச் சொல்லுமுன் எடைபோடும் பழக்கம் எங்களில் பலருக்கு அப்போது வந்தது. 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. எடைபோடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அப்படியானால் பேசாதிருப்பதுதான் வழியா? எனக்குத் தெரிந்த திராட்சை விவசாயி ஒருவர் இதற்கு வேறொரு வழி காட்டினார். இப்பகுதியின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832இல் அதை இங்கே கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்லப்படுகிறது. அறுவடைக்கு நாலு நாள் இருக்கையில் விடாமல் பெய்த மழையில் அவர் தோட்டத்துப் பழங்கள் வெடித்துவிட்டன. பந்தலின் அடியில் நின்றிருந்தோம். திராட்சைச் செடியையும் கவாத்தையும் குறித்து யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரம் பேசுவது நினைவுக்கு வந்தது. அவர் அன்றாடம் செய்யும் வேலையே அங்கு உவமையாகியிருக்கிறது. ஆனால் நட்டத்தின் நடுவே நிற்பவரிடம் உவமை சொல்வது கொடுமை. யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் அவருடன் தரையில் அமர்ந்து மௌனமாக இருந்தார்கள்; அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதே அவர்கள் வழி தவறினார்கள்.

நெடுநேரம் கழித்து அவரே சொன்னார்: "தம்பி, ஒங்க மாதாகிட்ட நமக்காக ஒரு வார்த்தை சொல்லிவையுங்க."

"சொல்றேண்ணே" என்றேன்.

வட்டார வழக்கில் ஒற்றைச் சொல். அதில் அறிக்கை இல்லை, அழைப்பு இல்லை, அவரை மாற்றும் நோக்கமும் இல்லை. ஆயினும் என் விசுவாசம் முழுவதும் அதில் இருந்தது. அவருக்கு அது விளங்கியும் விட்டது. நம்பிக்கை இயல்பாகப் பேச்சில் கலப்பதென்றால், கேட்பவரின் மொழியில், அவர் கேட்ட அளவுக்கு, கலப்பது என்றே இப்போது எண்ணுகிறேன்.

இதில் ஒரு கடனும் உண்டு. சொல்வதாகச் சொல்லிவிட்டால் சொல்லியாக வேண்டும். மறுவாரம் அவர் "சொன்னீகளா தம்பி?" என்று கேட்கக்கூடும். பிரசங்கியை யாரும் அப்படிக் கேட்பதில்லை, பழகியவனைக் கேட்பார்கள்.