வெளியில் நிற்கும் வண்டி

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே ‘கராஜ்’ என்ற சொல் காரைத் திருத்தும் இடத்தையே குறிக்கும். காரை நிறுத்தி வைக்கும் இடத்துக்குக் ‘கொட்டில்’ என்றோ ‘போட்டிகோ’ என்றோ பெயர். இவ்விரண்டும் வாய்க்காத கார்கள் பல. அவை வேப்பமர நிழலிலும், மதிலோரத்திலும், ஒழுங்கை முகப்பிலும், கொழும்பிலாயின் கடலை அண்டிய தெருவோரங்களிலும் இரவுபகலாக நிற்கின்றன. வீடு கட்டுவோர் சுவாமியறைக்கும் கிணற்றடிக்கும் முதலிலேயே இடம் வகுத்து விடுவர். காரின் நினைவு அவர்களுக்குப் பின்னரே வரும். அப்பொழுது வளவிலே எஞ்சியிருப்பது முற்றம் மட்டுமே.

ஆயினும் இலங்கையிலே கார் என்பது நினைத்தவுடன் மாற்றிக்கொள்ளத்தக்க பொருளன்று. 1960களிலும் 1970களிலும் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளினால் மோறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கிற்று. இத்தகைய காலங்களில் உள்ளதைக் காப்பதன்றி வேறு வழியில்லை. வெளியில் நிற்கும் வண்டியைக் காப்பது எவ்வாறு என்ற வினா, அதனை உடையவருக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகவே ஆகிவிடுகின்றது.

வண்டியின் முதற்பகை கறள் ஆகும். இரும்பு கறள் பிடிப்பதற்கு நீரும் ஒட்சிசனும் ஒருங்கே வேண்டும். உப்பும் சேர்ந்துவிட்டால் அவ்வினை பன்மடங்கு விரைவடையும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கடலிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் இடம் என்று எதனையும் சொல்ல முடியாது. வைகாசி தொடக்கம் சோளகமும், மாரியிலே வாடையும் மாறி மாறி உப்பைச் சுமந்து வருகின்றன. கொழும்பு வெள்ளவத்தையிலோ, புகையிரதப் பாதைக்கு அப்பால் அலை எறியும் உப்புத்துளி மரைன் டிறைவிலே நிற்கும் வண்டிகளின் கண்ணாடியில் ஒரே இரவில் மங்கலான படலமாகப் படிந்து விடுகின்றது.

கறள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்குவது அரிது. கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், தரைவிரிப்பின் கீழ்த் தகடு ஆகிய மறைவிடங்களே அதன் பிறப்பிடங்கள். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கென அடிவிளிம்பிலே சிறு துளைகள் உள்ளன. தூசியும் சேறும் அத்துளைகளை அடைத்துவிடின் கதவே ஒரு தொட்டியாகிவிடும். முன்கண்ணாடியின் அடியிலுள்ள சல்லடைத் துளைகளிலே வேப்பஞ்சருகு நிறைந்துவிட்டால், நீர் வழிதவறி வண்டிக்குள்ளே இறங்கும். வெளிப்பூச்சிலே கொப்புளம் தோன்றும்போது உள்ளே தகடு பெரும்பாலும் அரிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது பகை வெயில். அது பூச்சின் மினுக்கத்தை மங்கச் செய்து, றப்பரை இறுக வைத்து, ரயரின் பக்கங்களிலே மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். வெயிலுக்கு அஞ்சி மரநிழலை நாடினால் அங்கே வேறு தொல்லைகள் காத்திருக்கின்றன. பூக்கும் காலத்து மாமரத்திலே சிறு தத்துப்பூச்சிகள் சொரியும் இனிப்புப் பிசின் வண்டி முழுவதும் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும். தென்னையின் கீழ் நிறுத்துவோர் தேங்காய்க்கும் பனையின் கீழ் நிறுத்துவோர் பனம்பழத்துக்கும் கணக்குச் சொல்ல நேரிடும். காகத்தின் எச்சமோ யூரிக் அமிலம் கொண்டது. நண்பகலில் வெயிலால் இளகும் பூச்சு, மாலையில் அவ்வெச்சத்தைச் சுற்றி இறுகி நிரந்தர வடுவாகின்றது. காய்ந்த எச்சத்தைச் சுரண்டுதல் தவறு. ஈரத்துணியைச் சிறிதுநேரம் அதன்மேல் இட்டு, ஊறிய பின்னரே ஒற்றி எடுத்தல் வேண்டும்.

இத்தனை பகைகளையும் எண்ணும் எவருக்கும் முதலில் தோன்றும் பரிகாரம், வண்டியை முழுவதுமாக மூடிவிடுதல். 2021இல் வெள்ளவத்தையிலே வாடகை வீடொன்றில் குடியிருந்த இளம் விரிவுரையாளர் ஒருவரும் அவ்வாறே எண்ணினார். இறக்குமதித் தடையினால் பழைய கார்களின் விலை உச்சத்திலிருந்த காலம் அது. ஐந்தாண்டுத் தவணையிலே அவர் வாங்கிய காருக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி மாதந்தோறும் போயிற்று. அதனைத் தெருவோரத்தில் விட்டுவிட்டுத் துயில அவருக்கு மனம் வரவில்லை. தடித்த பிளாஸ்ரிக் உறையொன்றை வாங்கி, ஒவ்வோர் இரவும் வண்டியைச் சக்கரம் வரை போர்த்து, காற்றுப் புகாதவாறு கயிற்றினால் கட்டிவந்தார்.

அவ்வாண்டு ஐப்பசி மழையின்போது அவருடைய தாய்மாமன் கொக்குவிலிலிருந்து வந்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தந்தையார் 1950களில் வாங்கிய மோறிஸ் மைனர் ஒன்றை இன்னமும் ஓட்டுபவர். மழை விட்டு ஒருநாள் கழிந்த பின்னரும் போர்த்தபடியே நின்ற காரை அவர் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

“தம்பி, உந்த உறைக்குள்ளை கையை வைச்சுப் பாரும்.”

“ஈரமாக் கிடக்குது மாமா. ஆனால் மழை உள்ளுக்கை போகயில்லையே!”

“மழைத்தண்ணி ஓடிப்போயிடும். உந்த ஈரம் போக வழியில்லாமல் நிக்குது.”

ஆசிரியர் சொன்னதிலே முழு விஞ்ஞானமும் அடங்கியிருந்தது. நிலத்திலிருந்து எழும் ஈரப்பதன் இரவிலே குளிரும் தகட்டில் நீராகப் படிகின்றது. திறந்து நிற்கும் வண்டியிலே காலைக்காற்று அதனை உலர்த்திவிடும்; இறுக மூடிய வண்டியிலே அது பகலெல்லாம் தங்கிவிடும். அன்றியும், உறைக்கும் பூச்சுக்கும் இடையில் அகப்பட்ட மணல், காற்றிலே உறை அசையுந்தோறும் அரத்தாள் போலத் தேய்க்கும். உறை வேண்டுமாயின் அது காற்றுப் புகும் துணியாக இருத்தல் வேண்டும். கழுவித் துடைத்து உலர்ந்த வண்டிமீதே அதனை இடுதல் வேண்டும். விடிந்ததும் நீக்கிவிடல் வேண்டும்.

ஆசிரியரின் சொந்த முறை மிக எளியது. நான்கு பனங்குற்றிகளை நட்டு, கிடுகு வேய்ந்து, நாற்புறமும் திறந்து விட்ட கொட்டில் ஒன்றே அவருடைய காருக்கு இருப்பிடம். வெயிலையும் எச்சத்தையும் தடுக்கும் கிடுகு, காற்றைத் தடுப்பதில்லை. கிடுகு உக்குமாதலால் காலத்துக்குக் காலம் மாற்றுவார். கழுவும் முறையிலும் அவர் கவனமுள்ளவர். சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து ஊறும் யாழ்ப்பாணக் கிணற்றுநீர் வன்னீர் ஆகும்; வெயிலிலே கழுவிக் காயவிட்டால் வெண்புள்ளிகள் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே காலையிலோ மாலையிலோ கழுவி, உடனேயே பழைய வேட்டித் துணியால் துடைத்து விடுவார். கரையோரக் கிணறுகளின் உவர்நீர் வண்டிக்கு ஆகாது என்பதும் அவர் கண்டறிந்த உண்மை. மாரி தொடங்குமுன் ஈர்க்கு ஒன்றினால் கதவின் துளைகளைக் குத்தித் திறந்து விடுவது அவருடைய வருடாந்தக் கடமை.

இப்பழக்கங்களின் பெறுமதியை அவருக்கு உணர்த்தியது போர்க்காலம். 1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் பின்னர் வடக்கிலே பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை அன்றைய பழைய கார்கள் யாவும் கற்றுக்கொண்டன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, ஆசிரியரின் காரிலே பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. தாயாரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட வேண்டியதாயிற்று. புறப்படுமுன் அவர் செய்தது, கண்ணாடிகளை விரலிடை அளவு இறக்கிவிட்டதும், தரைவிரிப்பை எடுத்துச் சுருட்டி வைத்ததுமே. அயல்வீட்டுக்காரர் தமது காரைப் படங்கினால் இறுகச் சுற்றிக் கட்டிவிட்டுச் சென்றார்.

மறுவருடம் திரும்பி வந்தபோது மோறிஸ் மைனரின் சக்கரங்கள் நான்கும் பற்றறியும் போயிருந்தன. கொட்டிலின் கிடுகு பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. ஆயினும் அடித்தகடு உறுதியாகவே இருந்தது. அயல்வீட்டுக் காரோ சக்கரங்களுடன் நின்றது. படங்கை அவிழ்த்தபோது ஆசனங்களில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கதவைத் திறந்தபோது அதன் கீழ்விளிம்பு கையோடு வந்துவிட்டது. சக்கரத்தைத் தேடி வாங்கலாம், உக்கிய உடம்பை எங்கே வாங்குவது என்று ஆசிரியர் இன்றும் கேட்பதுண்டு. இரண்டு கார்களின் கதையைக் கொண்டு விதி வகுத்தல் கணித ஆசிரியருக்கு அழகன்று என்பதையும் அவர் மறவாமற் சொல்வார்.

மருமகனுக்கு இவ்வனுபவம் பயன்படும் நாள் விரைவிலேயே வந்தது. 2022 யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வெள்ளவத்தைத் தெருக்களிலே கார்கள் அசைவின்றி நின்றன. ஓடாது நிற்றல் வண்டிக்கு ஓட்டத்தைவிடப் பெரிய சோதனை. பற்றறி தானே மின்னிறக்கம் அடைந்து, அதன் ஈயத்தகடுகளில் ஈயச் சல்பேற்றுப் படியும். பாரந் தாங்கி ஒரே இடத்தில் அழுந்தும் ரயர் வட்டம் குலையும். அசைவற்ற இயந்திரத்தின் வெம்மைக் கூட்டிலே எலி குடிபுகுந்து மின்கம்பிகளின் உறையைக் கடிக்கும். மாமனார் தொலைபேசியிலே சொன்னபடி விரிவுரையாளர் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றினார். ரயர்களுக்குச் சற்று மிகையாகக் காற்றடைத்தார். இரண்டு நாளைக்கொருமுறை பக்கத்து வீட்டு இளைஞனின் துணையோடு வண்டியை அரைச் சக்கர அளவு தள்ளி நிறுத்தினார். நண்பகலிலே கதவுகளையும் முன்மூடியையும் திறந்து வைத்தார். ஓகஸ்ட் மாதத்திலே ‘கியூ.ஆர்.’ பங்கீட்டில் பெற்றோல் கிடைத்த அன்று, வண்டி முதல் திருப்பிலேயே இயங்கிற்று.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். மூடுதல் வேறு, காத்தல் வேறு. மூடுதல் ஒருமுறை செய்து மறந்துவிடத்தக்க செயல். காத்தலோ நாள்தோறும் சென்று பார்த்தலையும், உலர்த்தலையும், சிறிது அசைத்தலையும் வேண்டி நிற்பது. கூரையுள்ளவர் தமது வண்டியைச் சில நாள் மறந்திருக்கலாம். கூரையில்லாதவருக்கு அவ்வசதி இல்லை. அக்குறையே அவரைக் காலைதோறும் வண்டியைச் சுற்றிவரச் செய்கின்றது. மறைவிடத்துக் கறளையும், துளையை அடைத்த சருகையும் உரிய வேளையில் கண்டுகொள்ளச் செய்கின்றது. ஒரு வாளி நன்னீர், ஒரு பழந்துணி, ஓர் ஈர்க்கு, கால் மணிநேரம் ஆகிய இவற்றைத் தரக்கூடிய எவரும் வெளியில் நிற்கும் வண்டியை நெடுங்காலம் காத்துக்கொள்ளலாம்.