குறைந்த தொகையின் கூடிய செலவு

அமெரிக்க அரசாங்கக் கட்டட வேலைகளில் எழும் ஒருவகை வழக்கு என் சிந்தையைப் பெரிதும் கவர்ந்ததுண்டு. கணக்கைப் பாருங்கள். மதிப்பீட்டில் மண் 100 கன யார், பாறை 10 கன யார். ஒரு கொந்திராத்துக்காரர் மண்ணுக்கு 10 டொலரும் பாறைக்கு 50 டொலரும் கேட்கின்றார், மொத்தம் 1,500. மற்றவர் கேட்பது 5, 90, மொத்தம் 1,400. வேலை அவருக்கே! தோண்டும்போது மண் 70, பாறை 40 ஆயின், அவருக்கு 3,950 கொடுக்கவேண்டும். முன்னவருக்கு 2,700 போதும்.

விலை கோணியது என்பதற்காக மட்டும் அங்கே கேள்விப்பத்திரத்தைத் தள்ளுவதில்லை. இறுதிச் செலவு குறையுமா என்பதில் நியாயமான ஐயமும் வேண்டும். தோற்றவர் அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகத்தில் முறையிட்டால் 100 நாளுக்குள் தீர்ப்பு. எனக்கோ, பாறையைச் சரியாய் அளவாது மதிப்பீடு எழுதிய கந்தோரின்மீதே கோபம் வருகின்றது.