நுளம்பும் நாமும்

2017இல் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அவர்களில் என் தங்கையும் ஒருத்தி. குருதிச் சிறுதட்டுகள் குறையக் குறைய, உம்மா நான்கு இரவுகள் வைத்தியசாலைக் கட்டிலருகே கண் மூடாமல் இருந்தார். அதனால் நுளம்பு எங்கள் வீட்டில் வெறும் பாடவிடயம் அல்ல.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும்போதுதான் பரம்பரையலகைத் திருத்தி நுளம்பைக் கட்டுப்படுத்தும் முயற்சியை அறிந்தேன். ஆபிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் காம்பியே நுளம்பில், லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ‘கிறிஸ்பர்’ முறையால் ஒரு மாற்றத்தைச் செய்தார்கள். வழமையாக இப்படியொரு மாற்றம் பாதிக் குஞ்சுகளுக்கே கடத்தப்படும். இதுவோ ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற பெண் நுளம்பால் கடிக்கவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. 2018இல் வெளியான முடிவின்படி, கூண்டிலிருந்த நுளம்புகள் 7 முதல் 11 தலைமுறைக்குள் அற்றுப்போயின.

இதைச் சொன்னதும் உம்மும்மா கேட்டார்: “அல்லாஹ் படைச்ச ஒரு உயிர அடியோட இல்லாமலாக்க நமக்கு உரிமை இருக்கா மகள்?”

உலகில் 3,500க்கும் மேற்பட்ட நுளம்பினங்கள் உள்ளன. நோய் பரப்புபவை சிலவே. புகையடித்தால் வேறு பூச்சிகளும் சாகும். இம்முறையோ குறித்த நுளம்பையே நாடுகிறது. இதை உம்மும்மாவிடம் சொன்னேன். ஆனாலும் அவருடைய கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. வெளியே விட்ட பின் அந்த மாற்றத்தைத் திருப்பி அழைப்பது எளிதல்ல. நுளம்பு நாட்டு எல்லை பார்த்துப் பறப்பதுமில்லை. ஆகவே, ஆய்வுகூடத்தின் விருப்பம் மட்டும் போதாது. அந்த ஊர் மக்களும் அயல்நாட்டாரும் விளங்கிச் சம்மதிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டு வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. 1963இல் இங்கு மலேரியா நோயாளர் 17 பேர்தான். கண்காணிப்புத் தளர்ந்தது, 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பின்னர் குருதிப் பரிசோதனையாலும் சிகிச்சையாலும் இடைவிடாத கண்காணிப்பாலுமே 2016இல் மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழைப் பெற்றோம்.

எந்தப் புதிய கருவி வந்தாலும் விழிப்பு நம்முடையதே. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பின் முட்டை உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பூச்சாடித் தட்டின் நீரை ஊற்றிவிட்டால் போதாது. தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். அதை இன்றே நாம் செய்யலாம்.